வெயிலில் ஆடிய வைப்பர்

அத்தியாயம் 7

துப்பறிவாளர் மூக்கு சாருக்கு நாற்காலி என்றாலே அலர்ஜி. அன்று காலையிலிருந்து அந்த ஒற்றை அறை ஆபீசுக்குள் அவர் நடந்த நடையைக் கயிறாகத் திரித்திருந்தால் நிலாவுக்கு ஒரு கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கலாம். சுவர் வந்ததும் முதலில் மூக்கு திரும்பும். பிறகு தலை. உடம்பு கடைசியாக, வேறு வழியில்லாமல், கூடவே வரும்.

"சார், தரை தேயுது. கீழ் வீட்டுக்காரர் தலையில போய் இறங்கப் போறீங்க," என்றாள் பட்டாசு. அவருடைய ஒரே உதவியாளர். வாயைத் திறந்தால் வெடிக்காமல் மூடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே எப்போதோ மறந்துவிட்டாள்.

"நான் யோசிக்கிறேன்."

"மூணு நாளா இதே மாதிரி யோசிச்சுத்தான் சார் ஒரு ஐஸ்கிரீம் வண்டியைத் துரத்தினோம். அதுல கண்டுபிடிச்சது வெனிலா மட்டும்தான்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வலது கால் இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. "இன்னிக்கு மூணு மணிங்க," என்றாள் மறுபடியும். "மூணு மணிக்கு அவர் பஸ் ஸ்டாண்டுல இருக்கணும். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க."

அவர் என்றால் அவள் கணவர். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு விபத்தில் முதுகெலும்பு போய், மோட்டார் வைத்த சக்கர நாற்காலியோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர். கால் போனாலும் குரல் போகவில்லை. அந்தக் குரல் அடுத்த தெருவில் தூங்குகிற நாயை எழுப்பி மன்னிப்புக் கேட்க வைக்கும். அதை நம்பித்தான் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை கிடைத்திருந்தது. ஆனால் நாற்காலி எருமைக்கன்று கனம். சாதாரண வண்டியில் ஏறாது. நாலு பேர் சேர்ந்து ஒரு தடவை அவரைத் தூக்கி, பாதியில் ஒருவனுக்குத் தும்மல் வந்து, அவர் போட்ட சத்தத்தில் மூன்று பேர் வேலையை விட்டே ஓடிவிட்டார்கள்.

அதற்காகத்தான் அந்த வெள்ளை வேன். பின்கதவைத் திறந்தால் நாக்கு மாதிரி ஒரு சரிவுப் பலகை வெளியே வரும். நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளலாம். உள்ளூரில் அப்படி ஒன்று வாங்க ஒரு தெருவையே விற்க வேண்டும் என்பதால், ஸ்டியரிங் வலப்பக்கமே இருக்கிற ஒரு குளிர்நாட்டிலிருந்து பழைய வேனாகப் பார்த்துக் கப்பலில் இறக்கியிருந்தார்கள். இறக்கிய வேன் இறக்குமதி ஏஜெண்டின் ஷெட்டில் நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு மணப்பெண் மாதிரி காத்திருந்தது. ஐந்து நாளுக்கு முன், வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், காணாமல் போய்விட்டது.

"யோசனை என்னோடதுதான்," என்றார் பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். தையல்காரம்மாவின் அக்கா கணவர். சட்டையில் சுருக்கம் விழப் பயப்படும், அப்படி நின்றார். "பாதி விலை. நானே கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பினதா சரித்திரமே இல்ல. அந்த ஏஜெண்ட்தான் எடுத்திருப்பான். வேற யாரு?"

"அத்தான் சொல்லித்தான் உங்ககிட்டயே வந்தேன்," என்றாள் தையல்காரம்மா. "போலீஸ் வேண்டாம், அலைய விடுவாங்க, இவர் போதும்னு சொன்னாரு."

மூக்கு சாரின் மூக்கு பெருமையில் இன்னும் ஒரு விரற்கடை நீண்டது. "பட்டாசு, கிளம்பு. ஷெட்டுக்கு."

"எதுல சார்?"

"வழக்கம்போல நம்ம வாகனம்தான்."

அந்த வாகனத்தில் அவர்களோடு இன்னும் எழுபது பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். டிக்கெட்டை பட்டாசுதான் எடுத்தாள்.

*

ஷெட் என்பது நீளமான தகரக் கூரை. அதன் கீழே கடல் தாண்டி வந்த கார்கள் வரிசையாக, விருந்துக்கு வந்து ஒருவருக்கும் அறிமுகமில்லாத சொந்தக்காரர்கள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றன. ஏஜெண்ட் நிழலிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"நான் எடுத்தேனா? நல்லா இருக்கே!" என்றார். "அன்னிக்கு நானும் என் டிரைவருங்க ரெண்டு பேரும் துறைமுகத்துல வேற வண்டி இறக்கிட்டு இருந்தோம். முன்னூறு பேர் பார்த்திருக்காங்க. சாவியும் இதோ தொங்குது. அங்கேருந்து வந்தது இந்த ஒரே சாவிதான்."

"சாவி இங்க இருக்கு, வண்டி இல்ல," என்றாள் பட்டாசு. "வண்டி தூக்கத்துல எழுந்து நடந்து போச்சா?"

மூக்கு சார் கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து நடந்தார். "அது இருக்கட்டும். ஒண்ணு சொல்லுங்க. இப்படிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தா உண்மையிலேயே மிச்சமா?"

ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றினார். அது அவருக்குப் பிடித்த கேள்வி போலிருந்தது. "சார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டா மாப்பிள்ளை மட்டுமா வர்றாரு? சித்தப்பா வருவாரு, பெரியப்பா வருவாரு, சித்தப்பாவோட சிநேகிதர் வருவாரு, அவருக்குச் சர்க்கரை இல்லாத காபி வேணும். கார் விலை மாப்பிள்ளை. கப்பல் கூலி, துறைமுக வாடகை, வரி, பரிசோதனை, புது டயர், எல்லாம் கூட வர்ற கூட்டம். வரிதான் பெரியப்பா. நீங்க குடுத்த விலைக்கு வரி போடமாட்டாங்க. அவங்க மதிப்பு என்னவோ அதுக்குப் போடுவாங்க. அதுலயும் கப்பல் கூலியைச் சேர்த்துட்டுப் போடுவாங்க. சில வண்டிக்கு மிச்சம்தான். சில வண்டிக்கு, இங்கயே புதுசா வாங்கியிருக்கலாமேன்னு ராத்திரி பகலா அழுவாங்க."

"இந்த வேனுக்கு?"

"பணம் பூரா வந்துருச்சு. மத்தது வாத்தியாருக்கும் எனக்கும்." ஏஜெண்ட் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிலர் வாயை மூடுவதற்குக் கண்ணை மூடுவார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், கேட்காமலேயே பேச்சை ஆரம்பித்தார். நாள் முழுக்கப் பேச ஆளில்லாதவர்.

"நான்தாங்க திறந்துவிட்டேன். கையில சாவி, வண்டிக் கண்ணாடியில பணம் கட்டியாச்சுன்னு ஸ்டிக்கர், போதாதா? தலையில தொப்பி, முகத்துல மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. அது முகமா துணிக்கடை பொம்மையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏஜெண்ட் ஐயாவோட ஆளுன்னு நினைச்சேன். ஆனா வாசல் தாண்டி இடப்பக்கம் திரும்பினப்ப வைப்பர் ஆடுச்சு. நல்லாச் சிரிச்சேன்."

மூக்கு சார் நின்றார். அவர் நிற்பது அமாவாசையன்று நிலா வருவது மாதிரி. "மழையா?"

"மழையா? முட்டையை ரோட்டுல உடைச்சா ஆம்லெட்! அப்படி வெயில்."

"அப்புறம் ஏன் வைப்பர்?"

"ஐயோ, அதுதாங்க இங்க எனக்கு சினிமா! அந்த அம்மாவை ஒரு வண்டி ஓட்டச் சொல்லுங்க, காட்டுறேன்."

ஏஜெண்ட் ஒரு நீலக் காரின் சாவியைக் கொடுத்தார். பட்டாசு ஏறினாள். "சார், ஓரமா நில்லுங்க. மூக்கு ரோட்டுல நீட்டிட்டு இருக்கு." வாசல் தாண்டி இடப்பக்கம் திரும்ப, ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குச்சியை வழக்கம்போல் தட்டினாள்.

கறக்... கறக்... வறண்ட கண்ணாடியில் வைப்பர் இழுத்த சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. வாட்ச்மேன் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார்.

"நம்ம ஊர் வண்டியில வலக்கைப் பக்கம் இண்டிகேட்டர், இடக்கைப் பக்கம் வைப்பர்," என்றார் ஏஜெண்ட். "இந்த வண்டிங்கள்ல நேரெதிர். புதுசா ஓட்டுற எவனும் தப்ப முடியாது. மழை பெய்யுற மாதிரியே ஊரைச் சுத்துவான். நாங்க தினமும் ஓட்டுறவங்க, எங்க கைக்கு எப்பவோ பழகிப்போச்சு."

மூக்கு சாரின் நடை மறுபடி தொடங்கியது. இப்போது இரண்டு மடங்கு வேகம். "பட்டாசு! வைப்பர் ஆடுச்சு. அதனால எடுத்தவன் ஏஜெண்ட் இல்ல, அவரோட டிரைவரும் இல்ல. இந்த மாதிரி வண்டியை அதுக்கு முன்னாடி தொட்டே பார்க்காதவன்!"

"அருமை சார். அப்படின்னா சந்தேகப்பட வேண்டியது இந்த மூணு பேரைத் தவிர ஊர் ஜனம் மொத்தமும். வீடு வீடாப் போய் ஆரம்பிப்போமா?"

மணி ஒன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

*

அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது. கணக்கு வாத்தியார், தன் பழைய சாம்பல் நிறக் காரில். அந்தக் காரை அவர் வாங்கியபோது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. ஊருக்கே தெரியும்.

"ஏதாவது கிடைச்சுதா? ஏஜெண்ட் ஒத்துக்கிட்டானா?" ஜன்னல் வழியாக அவர் கேட்ட வேகத்தில் பதிலுக்கு இடமே இல்லை. "ஏறுங்க, ஏறுங்க, நான் கொண்டு விடறேன். எனக்கும் கொஞ்சம் அவசரம்."

மூக்கு சார் முன்னால் ஏறினார். பட்டாசு பின்னால். கார் கிளம்பியது. வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். யாருமே அமைதியாக இல்லாத கார். பட்டாசுக்கும் பின் சீட்டில் கால் நிலைகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் அவள் நினைப்பை விட்டு நகரவில்லை.

"இனிமே வேற வழி பார்க்கச் சொல்லணும் என் கொழுந்தியாளை," என்றார் வாத்தியார். "ஏதோ ஒரு லாரி பிடிச்சு..."

"லாரியிலயா? அவரை மூட்டை மாதிரியா?" என்றாள் பட்டாசு.

நாற்சந்தி வந்தது. வாத்தியார் வலப்பக்கம் திரும்பினார். இடது கை தானாகப் போய் குச்சியைத் தட்டியது.

கறக்... கறக்...

வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

"சே!" என்று வாத்தியார் அவசரமாக நிறுத்தினார். "தூசி... கண்ணாடியில தூசி."

பட்டாசுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. முன் சீட்டில் மூக்கு சாரின் மூக்கு மெல்ல, மிக மெல்ல, டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் திரும்புவது மாதிரி.

"வாத்தியாரே, இந்தக் கார் உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்?"

"ஆரம்பத்துலேருந்தே என் கார்தான்."

"அப்ப, இத்தனை வருஷமா இண்டிகேட்டர் எந்தப் பக்கம்னு தெரிஞ்ச கை, இந்த வாரம் ஏன் மறந்துபோச்சு?"

வாத்தியார் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நானே சொல்லட்டுமா? அஞ்சு நாளா உங்க கை வேற ஒரு வண்டியில பழகிட்டு இருக்கு. அதுல இண்டிகேட்டர் இடக்கைப் பக்கம். முதல் நாள் வேன்ல வைப்பர் ஆடுச்சு, ஏன்னா கை இந்தக் காரோடது. இன்னிக்குக் கார்ல வைப்பர் ஆடுது, ஏன்னா கை இப்ப வேனோடது. வண்டி எங்க?"

கார் தானாகவே ஓரம் கட்டியது. வாத்தியார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். ஹாரன் ஒரு தடவை அழுதது.

"ரெண்டாவது சாவி எனக்குத் தபால்ல வந்தது," என்றார் அங்கிருந்தே. "கணக்கு... கணக்கு தப்பிருச்சு. வாங்கின விலைக்கு வரி போட்டேன். அவங்க மதிப்பு போட்டு, அது மேல கப்பல் கூலியைச் சேர்த்து, அதுக்கு மேல வரி போட்டாங்க. பாதி விலைன்னு சொன்னேனே, இங்கயே வாங்கியிருந்தாலும் இவ்வளவு ஆகியிருக்காது. என் கொழுந்தியா மெஷின் மிதிச்சுச் சேர்த்த பணம். அவகிட்ட போய் எப்படிச் சொல்றது? மிச்சத்தை நானே கடன் வாங்கிக் கட்டினேன். வீட்டுல என் சம்சாரத்துக்கும் தெரியாது."

"சரி, கட்டியாச்சே! அப்புறம் எதுக்குத் திருடணும்?" என்றாள் பட்டாசு.

"கடனை அடைக்கணுமே! நாற்காலியோட ஏத்துற வண்டி இந்த ஊர்ல வேற இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஆள் வரிசையில வர்றாங்க. கொஞ்ச நாள் ஓட்டிட்டு, கடன் முடிஞ்சதும் ஒரு தெருவுல விட்டுட்டு, 'கிடைச்சுருச்சு'ன்னு கத்தலாம்னு இருந்தேன். இந்த வேலை இவ்வளவு சீக்கிரம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வேலை வந்ததும் விட்டிருக்கலாமே?"

"இன்னும் பாதிக்கூட அடையலையே!"

மூக்கு சார் தொண்டையைச் செருமினார். அவருக்கு வேறு ஒன்று உறுத்தியது. "ஒரு சந்தேகம். திருடினது நீங்க. அப்புறம் துப்பறிய என்னை எதுக்குச் சிபாரிசு பண்ணினீங்க?"

வாத்தியார் நெற்றியை எடுக்காமலேயே சொன்னார். "ஊர் பூரா விசாரிச்சேன். எடுத்த கேஸ்ல ஒண்ணைக்கூட முடிக்காதவர் நீங்கதான்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க."

மூக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, கொஞ்சம் சுருங்கிய மாதிரி பட்டாசுக்குத் தோன்றியது.

"கவலைப்படாதீங்க சார்," என்றாள். "விளம்பரம் இல்லாமலே பேர் இவ்வளவு பரவியிருக்கே!"

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில் வேன் நின்றது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், முழங்காலில் மருந்துப் பை.

"டிரைவர்! என்ன நினைச்சுட்டு இருக்கே? எவ்வளவு நேரம்யா காத்திருக்கிறது? பொறுப்பு வேண்டாம்?" என்று எகிறினார்.

மணியடித்து ஒரு நிமிடம் தாண்டினாலும் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைத்த வாத்தியார், "மன்னிச்சுக்குங்க ஐயா," என்று கை கட்டினார். பலகையை இறக்கி, பெரியவரை ஏற்றி, நாற்காலியின் நான்கு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இழுத்துப் பார்த்தார். ஐந்து நாள் பழக்கம் கையில் தெரிந்தது. பெரியவரை இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டில் இறக்கினார்கள். கூலி வாங்க வாத்தியாருக்குக் கை வரவில்லை. பட்டாசு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வேன் ஓடவில்லை, பறந்தது. ஒவ்வொரு சிக்னலும் அவர்களைப் பார்த்த பிறகுதான் சிவப்பானது. மூக்கு சார் வேனுக்குள்ளேயே எழுந்து நடக்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டார்.

"எனக்காக ஒரு உதவி," என்றார் வாத்தியார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெருவுல கிடைச்சுதுன்னு சொல்லிருங்க. உங்களுக்கும் பேரு, எனக்கும் மானம்."

பட்டாசு மூக்கு சாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். முடித்த முதல் கேஸ். அதையும் முடிக்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

தையல்காரம்மா வீட்டு வாசலில் கண்டக்டர் நாற்காலியில் தயாராக இருந்தார். புதுச் சட்டை, தலையில் எண்ணெய், சட்டைப் பையில் இரண்டு பேனா. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் கிளம்பி உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகம். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் சத்தத்தில் அது நின்றது.

தையல்காரம்மா வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு டிரைவர் சீட்டில் இருந்தவரைப் பார்த்தாள். வாத்தியாரின் தொப்பியும் மாஸ்க்கும் டாஷ்போர்டில் கிடந்தன.

மூக்கு சார் வாயைத் திறந்தார். "அம்மா, வண்டி ஒரு தெருவுல..."

அவருக்கு முன்னால் அவளே கேட்டாள். "அத்தான். நீங்க ஒளிச்சா அது கணக்காத்தான் இருக்கும். மிச்சமா, நட்டமா?"

"அதாவது, நீண்ட காலத்துல வெச்சுப் பார்த்தா, தேய்மானத்தைக் கழிச்சுட்டு..."

"ஒரே வார்த்தையில."

தெருவில் சைக்கிள் ஒன்று போனது. எதிர்வீட்டுக் குழாய் சொட்டியது. வாத்தியாரின் உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"நட்டம்."

சொல்லி முடித்ததும், அடி விழப்போகிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார். மிச்சம் எல்லாவற்றையும், கடன், சாவி, ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றையும், ஒரே மூச்சில் கொட்டினார்.

தையல்காரம்மா கேட்டுக்கொண்டே கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள். "எங்க வீட்டு வண்டிக்குக் கடன் வாங்கிட்டு, அதை எங்ககிட்டயே மறைச்சுட்டு, அஞ்சு நாளா இந்த மனுசனை வாசல்ல உட்கார வெச்சிருக்கீங்க," என்றாள். "முதல் நாளே வந்து நட்டம்னு சொல்லியிருந்தா, திட்டிட்டு, சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பேன்."

வாத்தியார் சாவியை உருவி நீட்டினார். இறங்கக் காலை எடுத்தார்.

"எங்க இறங்கறீங்க?" என்றாள். "எனக்கு ஓட்டத் தெரியுமா? இவருக்குத் தெரியுமா? சாவியைப் போடுங்க. தினமும் காலையில இவரை விட்டுட்டு, நடுவுல ஆஸ்பத்திரி சவாரி ஓட்டிட்டு, சாயங்காலம் இவரைக் கூட்டிட்டு வரணும். கடன் ரெண்டு வீட்டுக்கும்தான். அக்காகிட்ட இன்னிக்கு ராத்திரி நீங்களே சொல்றீங்க. நான் பக்கத்துல நிப்பேன். தடுக்க இல்ல, கேக்க."

"நல்ல தண்டனை," என்று கண்டக்டர் முழங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "சகலை, பலகையை இறக்குங்க. நேரமாச்சு!"

"எங்க ஃபீஸ்?" என்று பட்டாசு மெதுவாக ஆரம்பித்தாள். யாருக்கும் காது கேட்கவில்லை. எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டின் வாசலில் பலகை தரையைத் தொட்டபோது மூன்றுக்கு இன்னும் சில விநாடிகள் இருந்தன. கண்டக்டரின் நாற்காலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு அறிவிப்பு அறைக்குள் போனது. தையல்காரம்மா வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு சார் தூணைச் சுற்றி நடந்தார். வாத்தியார் வேனில் சாய்ந்து, வியர்வையைத் துடைத்து, வாரக்கணக்காக விடாத மூச்சை ஒரு வழியாக விட்டார்.

மேலே ஒலிபெருக்கி ஒரு தடவை இருமியது. பிறகு அந்தக் குரல் வந்தது. புறாக்கள் கூரையை விட்டு எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார்.

"பயணிகள் கவனத்துக்கு! நுழைவாயிலை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. அதன் டிரைவர், கணக்கு வாத்தியார், என் சொந்தச் சகலை, எங்கிருந்தாலும் உடனே வந்து வண்டியை எடுக்கவும்!"